புகார் எண் பன்னிரண்டு

தண்ணீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். குழாயில் சேறு வருகிறது, மூன்று நாளாக வெறும் காற்றுதான் வருகிறது என்று தொலைபேசியில் எவன் வாய்க்கு வந்தபடி திட்டினாலும், "புரியுது சார், உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன், நம்பர் எழுதிக்குங்க" என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

அதெல்லாம் அலுவலகத்தில். வீட்டுப்படி ஏறியதும் ஐஸ்பெட்டி அடுப்பாகிவிடும். கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று; வீட்டில் முப்பத்தொரு வயது மகன் மட்டும். கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரன். ஐந்து வருஷத்துக்கு முன், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்குள்ளிருந்து தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். வேலை போயிற்று. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பேசுகிறார்கள் என்பான் அவன், பேசவில்லை என்பாள் அவள். தினமும் இதே கச்சேரி, முடிவில் ஒரு தட்டு உடையும். அவள் கையாலும் உடைந்திருக்கிறது. அவனை மட்டும் குறை சொல்வானேன்.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்திருந்தாள். தன் தம்பி பேச்சைக் கேட்டு, ஷூ வாங்கித் தருகிறேன் என்று மகனைக் காரில் ஏற்றி, மனநல மருத்துவமனை வாசலில் இறக்கினாள். இருபது நாளில் கொஞ்சம் தெளிந்தான். ஆனால் வீடு திரும்பியதும் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டிவிட்டு, இனி அம்மாவோடு தெருமுனை வரைகூட வருவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷம் உட்கார்ந்தான். அவன் தன் காலால் நடந்து டாக்டரிடம் போக வேண்டும், அவளுக்கு வேறு எந்த ஆசையும் மிச்சமில்லை. தம்பியோ, நாலு ஆள் வைத்துத் தூக்கி ஆஸ்பத்திரியில் போடுவோம் என்று வாரம் தவறாமல் வந்து ஓதிவிட்டுப் போவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நகரத்தின் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. இருநூறு பேரிடம் திட்டு வாங்கி, தொண்டை வறண்டு, மூளை மரத்துப்போய் வீடு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மகன் வந்து நின்றான். சுவருக்குள் மறுபடியும் பேச்சாம். அவள் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்தது.

"புரியுது சார். உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன். நம்பர் ஒண்ணு. எழுதிக்குங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இன்றைக்கு எத்தனை தட்டோ என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் அவன் பேனா தேடிக்கொண்டிருந்தான். ஐந்து வருஷமாக அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அவன் சொன்னதை யாரும் குறித்துக்கொண்டதும் இல்லை.

மறுநாள் ஒரு நோட்டு முளைத்தது. தேதி, புகார், யார் மேல், நிலவரம் என்று ஸ்கேல் வைத்து அழகாகக் கட்டம் போட்டிருந்தான். அலுவலகத்தில் எது சட்டமோ அதுவே வீட்டிலும் சட்டமாயிற்று. புகார் கொடுப்பவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. அவர் கையெழுத்துப் போடாமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது. எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது என்று எழுதிக்கொள்கிறேன் என்பாள். அவனும் மேடம் என்றே கூப்பிட்டான். தட்டுகள் பிழைத்தன.

பன்னிரண்டாம் எண்ணை அவள் இரண்டு தடவை படித்தாள். ஷூ வாங்கலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனது. யார் மேல்? அம்மா மேல். உன் நல்லதுக்குத்தானேடா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பதிவு பண்ணிட்டேன் சார். இந்தப் புகார் நியாயமானதுதான்."

நாற்பத்தெட்டாவது புகாரோடு அவன் பொறுமை இழந்தான். முப்பது நாளில் தீராத புகார் மேலிடத்துக்குப் போகும் என்று அவளே சொல்லியிருந்தாள். "உங்களால முடியலைன்னா மேல அனுப்புங்க மேடம்" என்றான். விஷயம் தெரிந்ததும் தம்பி துள்ளிக் குதித்தான். மேலதிகாரியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அள்ளிக்கொண்டு போய்விடலாமாம். ஒரு நிமிஷம் அவளுக்கும் சபலம் தட்டியது. பொய் சொல்வது தனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தம்பியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மகனிடம் வந்தாள்.

"மேலன்னா டாக்டர்தான். அதே ஆஸ்பத்திரிதான். ஷூ கடைன்னு சொல்ல மாட்டேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். நாலு நாள் நோட்டில் ஒரு வரி இல்லை. உள்ளதும் போயிற்று என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், தலை வாரி, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நிற்கிறான்.

"நோட்டை நான்தான் எடுத்துட்டு வருவேன்."

நடந்தான். தன் காலால், அவளுக்கு முன்னால், பேருந்து நிறுத்தம் வரைக்கும். டாக்டர் நாற்பத்தெட்டையும் படித்தார். இப்படித் துல்லியமாகக் குறித்துக்கொண்டு வந்த ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரைக்கென்று புதுக் கட்டம் ஒன்றை அங்கேயே வரைந்துவிட்டான்.

குரல்கள் அடியோடு போய்விடவில்லை. ஏழு மாதத்தில், எங்கோ யார் வீட்டு ரேடியோவோ என்று விட்டுவிடும் அளவுக்கு இறங்கின. பழைய நண்பன் ஒருவன் வரைபட வேலை கொடுத்தான். நோட்டில் ஒவ்வொரு புகாராகக் கையெழுத்து விழுந்தது. பன்னிரண்டு மட்டும் அப்படியே கிடந்தது. அவள் கேட்கவில்லை, மூடச் சொல்லிக் கேட்பதும் சட்டப்படி குற்றம்.

அந்த மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், பேருந்துக்குப் போகாமல் எதிர்ச்சாரியில் இருந்த செருப்புக் கடைக்குள் நுழைந்தான். ஏழு ஜோடியை இறக்கச் சொல்லிக் கடைக்காரரின் பெண்டு நிமிர்த்தினான். கடைசியில் பழுப்பு நிற ஷூ ஒன்றைப் போட்டுக் கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பார்த்தான். பிறகு கல்லாமேசையில் நோட்டை விரித்து, பன்னிரண்டுக்கு நேரே கையெழுத்திட்டுப் பேனாவை நீட்டினான்.

"மூடிட்டேன். நீயும் ஒரு கையெழுத்துப் போடும்மா."

ஐஸ்பெட்டி உருகி ஓடிற்று. ஷூ பிடிக்கவில்லையாம்மா என்று கடைக்காரர் பதறினார். ரொம்பப் பிடித்திருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் அவள்.