நாலு பேர் தள்ளிவிட்ட பிரியாணி

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு ஹாஜா மொய்தீன்தான் சமையல் பண்டாரி. ஊரையே தின்னவைத்துத் தூங்க அனுப்புகிறவர், தான் மட்டும் சுவரில் சாய்ந்து விடியவைப்பார். படுத்தால் போதும், வயிற்றுப் புளிப்பு தொண்டைக்குக் குடிவந்துவிடும். டாக்டர் சொல்லி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தார்; காலையில் மனிதர் கால்மாட்டில் சுருண்டு கிடந்தார். அடுத்த உத்தரவு, பொழுது சாய்ந்தபின் காரமும் எண்ணெயும் கூடாது. பிரியாணிக்காரரிடம் சொல்கிற பேச்சா? ஆனாலும் கேட்டு நடந்தார். ஒரு வாரமாகத்தான் கண் அசருகிறது.

அந்தத் தூக்கத்துக்கு, மஸூத் தன் மகன் நிக்காஹ் முடிந்து ராத்திரியில் வைத்த வலிமா விருந்தில் வேட்டு வைத்தார்கள். அந்த வீட்டு வழக்கப்படி முதல் சஹனில் பண்டாரியும் உட்கார வேண்டும். ஒரே தாம்பாளம், சுற்றி நாலு பேர், நடுவே பிரியாணி மலை.

"நீ துன்னாத சோத்தயா எங்களுக்குப் போட்ற? குந்து பாய்!" என்றார் மஸூத்.

உட்கார்ந்தார். "நல்ல பீஸு, நீங்க எடுத்துக்கோங்க" என்று எதிரிலிருந்த இஸ்மாயில் பக்கம் ஒரு கறித்துண்டை நகர்த்தினார். இஸ்மாயில் அதைப் பக்கத்து ஆளிடம் தள்ளினார். திருமழிசை ஷேர் ஆட்டோபோல ஒவ்வொருவரிடமும் நின்றுவிட்டு, துண்டு ஹாஜாவிடமே திரும்பி வந்தது.

"தப்பா நெனச்சிக்காத பாய்," இஸ்மாயில் குரலைத் தாழ்த்தினார். "நைட்ல துன்னா நெஞ்சு எரியுது. தூக்கமே போச்சு."

மற்ற இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். "உனக்குமா?"

ஒருவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். இன்னொருவர் மொட்டைமாடியில் நடந்தே இரவைக் கழிக்கிறவராம். இத்தனை வருஷத்தில் ஹாஜாவுக்குக் கிடைத்த முதல் ஜமா.

அதற்குள் மஸூத் வந்து நின்றார். "இன்னா பாய், மல அப்டியே கீது? உப்பு கம்மியா?"

பக்கத்து சஹன்களில் கைகள் நின்றன. 'வயிறு சரியில்லை' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் விருந்து நடுவே சமைத்தவன் வாயில் அந்தச் சொல் வந்தால், அப்புறம் பூந்தமல்லியில் அவரை அடுப்புப் பற்றவைக்க யார் கூப்பிடுவார்கள்?

"பேச்சுல மறந்துட்டோம் பாய்" என்று மலையைத் தன் பக்கம் இழுத்தார். மற்ற மூவரும் வாயை மட்டும் அசைத்துத் துணை நின்றார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், ருசி பிரமாதம். பாதியில் அவரே இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

வீட்டில் குல்ஷன், கணவன் முகத்தைப் பார்த்தாள். தலையணையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள்.

"நல்லா இருந்துச்சாங்க?"

ஹாஜா சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு புளியேப்பம் வந்தது.

"நல்லாத்தான் இருந்துது புள்ள. தொண்ட வரைக்கும் வந்து அதயேதான் சொல்லிக்கினு கீது."