வேனிலிருந்து இறங்கிய அடுப்பு

சகாயசெல்விக்குத் திண்டுக்கல்லில் சொந்தமாக ஓட்டு வீடு இருந்தது. ஆனால் வருடத்தில் பாதி நாள் அவள் படுத்தது தார்ப்பாய்க்கு அடியில்தான். பஜ்ஜிக் கடைக்காரி. கோயில் அந்தோணியாருக்கா, காளியம்மனுக்கா என்றெல்லாம் பார்ப்பவள் இல்லை. எங்கே கொடி ஏறுகிறதோ அங்கே அவள் சட்டியும் ஏறும். புருஷன் ஆண்டனிராஜ் வெங்காயம் உரிப்பான், விறகு பிளப்பான், கூட்டம் சேர்ந்தால் கூவுவான். கணக்காகப் பேசுவது மட்டும் அவனுக்கு வராது. அதை அவளே பார்த்துக்கொள்வாள், கேட்காதபோதும் பார்த்துக்கொள்வாள்.

தொண்ணூற்றேழில் நெய்க்காரப்பட்டித் திருவிழாவில் ஒரு மழை பெய்தது. தார்ப்பாய் கிழிந்து, கரைத்து வைத்த கடலை மாவில் தண்ணீர் நிறைந்து, மிச்சத்தை நாய் நக்கிவிட்டுப் போனது. நனைந்த சேலையோடு விடியும்வரை குத்தவைத்திருந்தவள், இனிமேல் சக்கரம் வைத்த கூரை இல்லாமல் ஒரு திருவிழாவுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆண்டனிராஜும் சரி என்றான். அதுவரைக்கும்தான் ஒற்றுமை.

எந்தக் கூரை என்பதில்தான் சண்டை. ஆண்டனிராஜ் ஒட்டன்சத்திரத்தில் ஒரு பழைய வேனைப் பார்த்து வைத்திருந்தான். சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற பொன்னழகு என்பவர் அதை வீடு மாதிரியே மாற்றியிருந்தார். பின்னால் மடக்கிப் போடுகிற இரண்டு படுக்கை, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, நடுவில் தளத்தோடு போல்ட் போட்டு முடுக்கிய பம்பு ஸ்டவ், அதன்மேல் சட்டி ஆடாமல் இருக்க இரும்பு வளையம். பக்கவாட்டுப் பலகையைத் தூக்கிக் கட்டினால் கடை. செல்விக்கு வேண்டியது வேறு. வேடசந்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த கருப்பணனிடம் அவள் ஒரு ட்ரெய்லருக்குச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு சக்கரம், தகரக் கூரை, முன்னால் ஒரு கொக்கி. யாருடைய டிராக்டரிலாவது மாட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டால், அது பாட்டுக்கு நிற்கும்.

"வேன் ரிப்பேரானா என்ன செய்வீங்க? வீட்டோட மெக்கானிக் செட்டுல விட்டுட்டு நடுரோட்டுல படுப்பீங்களா?" என்றாள்.

"உன் ட்ரெய்லருக்கு டிராக்டர்காரன் வரலேன்னா? நீ முன்னாடி நின்னு இழுப்பியா?"

"இழுப்பேன். இம்புட்டு வருசமா உங்களையே இழுத்துக்கிட்டுத்தான் வாரேன்."

பொன்னழகு நல்ல மனுஷர். "ஏனுங்க, இதுக்குப் போயி சண்டை எதுக்குங்க? ஒரு திருவிழாவுக்கு ஓட்டிப் பாருங்க. புடிச்சா வச்சுக்கங்க, இல்லீன்னா கொண்டாந்து நிறுத்திருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் தொண்ணூற்றெட்டில் சிறுமலை அந்தோணியார் திருவிழாவுக்கு அவர்கள் வேனில் ஏறினார்கள். மலை ஏறி முடிக்கும்வரை செல்வி வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பாத்திரங்கள் சரிந்து விழுந்தன. அவளுக்குப் பதிலாக அவை திட்டின.

அந்தத் திருவிழாவில் அவளுக்கு ஒரு முக்கு உண்டு. கோயில் வாசலை ஒட்டிய முதல் இடம். தேர் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அந்த முக்கைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். அது இருந்தால் கடை. வரிசையின் கடைசிக்குப் போனால், காப்பித் தோட்டத்து வேலியோரம் ஈ ஓட்டலாம். அந்த முக்கு அவள் அம்மா வைத்திருந்தது, பிறகு அவளுக்கு வந்தது. சீட்டு, ரசீது எதுவும் கிடையாது. அடுப்புத்தான் பத்திரம். கொடி ஏறிய நாளில் அடுப்பு வைத்தால் கொடி இறங்கும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் அடுப்பு நகர்ந்தால் இடம் பொது. அதன்பிறகு அந்தத் தரையில் வைத்த கல்லின்மேல் யார் சட்டி முதலில் பொரிகிறதோ அவருக்கு இடம். அந்த வருடத்துக்கு மட்டுமில்லை, அடுத்தடுத்த வருடங்களுக்கும்தான். ஆட்கள் போகலாம், வரலாம், வீட்டில் சாவே விழலாம். அடுப்பு மட்டும் போகக்கூடாது.

வேனை முக்கில் நிறுத்திப் பலகையைத் தூக்கிக் கட்டியதுமே வடைக்கடை ஒச்சப்பன் வந்துவிட்டான். வரிசைக் கடைசிக்காரன். பல வருடமாக அந்த முக்கின்மேல் அவனுக்குக் கண்.

"யக்கா, புது வீடா? சக்கரம் வச்ச வீடு! நாளைக்கு வேற ஊருக்கு ஓடிப்போச்சுன்னா?"

"ஓடுனா உன் மேல ஏத்திட்டுத்தான் ஓடும். போயி வடையத் தட்டு."

சிரித்துக்கொண்டே போனான். ஆனால் போகிறபோது குனிந்து வேனுக்கு அடியில் பார்த்துவிட்டுப் போனான். அங்கே தரைதான் இருந்தது. அவன் என்ன பார்த்தான் என்று செல்விக்கு அப்போது புரியவில்லை. உறைத்தபோது நேரம் தாண்டிவிட்டது.

தேர் இழுக்கிற அன்றைக்கு மத்தியானமே பனி இறங்கியது. கடைக்காரர்களை ஏற்றி வந்த டிராக்டர்கள் எல்லாம் கொடி இறங்குகிற அன்றைக்கு வருகிறோம் என்று கீழே போயிருந்தன. வாழைத்தார் ஏற்றுகிற ஜீப்புகளும் தேருக்கு ஆள் கூட்டிவர அடிவாரத்துக்குப் போய்விட்டன. பஸ் சாயங்காலம்தான். செல்வி எண்ணெயைக் காயவைத்து, முதல் ஈடு மிளகாய் பஜ்ஜியைப் போட்டு எடுத்தாள். அப்போதுதான் பக்கத்துக் கடைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது.

உம்மு சல்மா வளையல் கடைக்காரி. திண்டுக்கல் பேகம்பூர். செல்விக்கு மூத்தவள். பதினைந்து திருவிழாவாவது இருவரும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுத்து எழுந்திருப்பார்கள். வளையல் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்க, கடைக்குப் பின்னால் கிடந்த வாழைச்சருகை அள்ளப் போயிருக்கிறாள். கையை உதறியபடி ஓடி வந்தவள் வேன் படியில் விழுந்தாள்.

"செல்வி... விரியண்டி. நான் பாத்தேன். அல்லா, கை எரியுதுடி..."

கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் மஞ்சள் அரைக்கச் சொன்னான். ஒருத்தி வேப்பிலை தேடி ஓடினாள். இன்னொருவன் கீறிவிட்டு உறிஞ்ச வேண்டும் என்று பிளேடு கேட்டான். செல்வி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"பிளேடோட கிட்ட வந்தே, மொதல்ல உன் காதத்தான் அறுப்பேன். சல்மாக்கா, கையை ஆட்டாத. நடக்காத. அப்படியே உக்காரு."

திருவிழாக் கமிட்டியில் பெரிய ஆள் ராயப்பராஜ் வந்து சேர்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. "மலைல இப்ப வண்டின்னா இது ஒண்ணுதான் செல்வி. இத எடுத்தாத்தான் திண்டுக்கல் பெரியாசுபத்திரிக்குப் போக முடியும்."

எல்லார் கண்ணும் வேனைப் பார்த்தது. செல்வியும் பார்த்தாள். வேன் போனால் அடுப்பு போகும். அடுப்பு போனால் முக்கு போகும். தரையில் அடுப்பு இல்லை என்பதைத்தான் ஒச்சப்பன் குனிந்து பார்த்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூட்டத்துக்குப் பின்னால் தேடினாள். அவன் அங்கே இல்லை. கல் எடுக்கப் போய்விட்டான்.

சல்மாவின் புறங்கை அதற்குள் வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதையில் அமுங்கின. செல்வி ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தாள். "என்னத்த நின்னு பாக்கறீங்க? வண்டிய எடுங்க!" என்று ஆண்டனிராஜைப் பார்த்துக் கத்தினாள்.

"எப்படிடி எடுக்கறது? சட்டி நெறைய எண்ணெய் கொதிக்குது! மொத வளைவுலயே அம்புட்டும் அவுக மேலதான் கொட்டும்!"

சல்மா படுக்க இடம் பண்ணி மாவுக் குண்டானையும் மிளகாயையும் கீழே இறக்கினார்கள், ஸ்டவ்வை அணைத்தார்கள். எண்ணெய் அணையவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் பிள்ளைகளும் சனமும். எங்கே கொட்டுவது? சட்டியோடுதான் இறக்க வேண்டும். ஆடாமல் இருக்கப் போட்ட வளையம் இப்போது விடமாட்டேன் என்றது. ஆண்டனிராஜ் ஸ்பேனரை மாட்டித் திருகினான். சூட்டில் வளையத்தின் போல்ட் இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். படியில் சாய்ந்திருந்த சல்மா, "செல்வி, கண்ணு மங்குதுடி" என்றாள். அதை அவள் கத்திச் சொல்லவில்லை.

வெளியே சாம்பிராணிப் புகை இல்லாத ஒரு புகை வந்தது. விறகுப் புகை. வேனின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, முக்கிலேயே, ஒச்சப்பன் மூன்று கல் போட்டு நெருப்பு மூட்டிவிட்டான். அவன் பெண்டாட்டி வரிசைக் கடைசியிலிருந்து சட்டி தூக்கிக்கொண்டு வருகிறாள் போல.

செல்வி அதைப் பார்த்தாள். திரும்பி ஸ்பேனரைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி, காலை வேன் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். போல்ட் கிறீச்சென்று விட்டது. வளையம் கழன்றது.

"நீங்க போயி ஸ்டேரிங்ல உக்காருங்க. ராயப்பண்ணே, சல்மாக்காவப் படிய விட்டுத் தள்ளிப் பிடிச்சுக்கங்க. ஒச்சப்பா! ஏலே ஒச்சப்பா! இங்க வாடா!"

ஒச்சப்பன் நெருப்பு ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"சாக்க நனைச்சுக்கிட்டு ஓடியா. இந்தக் காதப் பிடி."

"யக்கா, நானு..."

"ஒரு பொம்பள சாகக் கெடக்கா. பிடிக்கிறியா, இல்ல எண்ணெய உன் தலைல கவுக்கவா?"

அவன் மோசமானவன் இல்லை. இடத்துக்கு ஆசைப்பட்டவன், அவ்வளவுதான். ஈரச் சாக்கோடு ஓடி வந்து சட்டியின் ஒரு காதைப் பிடித்தான். மறு காதை அவள் பிடித்தாள். படி இறங்கும்போது எண்ணெய் தளும்பி அவள் மணிக்கட்டில் தெறித்தது. பல்லைக் கடித்தாள், விடவில்லை. இறங்கியாயிற்று. அவர்கள் கால் தரையைத் தொட்டதும் சல்மாவை உள்ளே ஏற்றினார்கள். ராயப்பராஜ் பின்னால் ஏறி அவள் கையைத் தாங்கிக்கொண்டார். வேன் உறுமிக்கொண்டு பின்வாங்கிப் பனிக்குள் போய் மறைந்தது.

நடுவழியில் இரண்டு பேரும் கொதிக்கிற சட்டியோடு நின்றார்கள். சாக்கு புகைய ஆரம்பித்தது.

"யக்கா, கை பொசுங்குது, எங்க வைக்க?"

"வெறுந்தரைல வச்சா சாஞ்சிரும். கல்லு எங்க இருக்கு?"

மூன்று கல் எங்கே இருந்தது என்று ஊருக்கே தெரியும். ஒச்சப்பன் நாலு எட்டு வைத்துக் குனிந்து சட்டியைத் தன் கல்லின்மேல் இறக்கினான். நெருப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை உதறி ஊதி முடிப்பதற்குள், செல்வி மாவுக் குண்டானை இழுத்து வைத்து நாலு மிளகாயைத் தோய்த்துப் போட்டாள். சடசடவென்று பொரிந்தது. அவன் பெண்டாட்டி பச்சை எண்ணெயும் ஆறிப்போன சட்டியுமாக அப்போதுதான் வந்து சேர்ந்தாள்.

"இது அநியாயம்க்கா. கல்லு என்னது, நெருப்பு என்னது" என்றான் ஒச்சப்பன்.

"சட்டி என்னது. யாரு சட்டி மொதல்ல பொரியுதோ அவுக இடம். வச்சது யாரு? நீதான் தூக்கி வச்ச. நான் வைக்கச் சொன்னனா? கல்லு எங்கேன்னுதான கேட்டேன்."

வேப்பிலையோடு ஓடி வந்தவள்தான் முதலில் சிரித்தாள். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். ஒச்சப்பன் பெண்டாட்டி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு வீட்டில் கச்சேரி இருக்கிறது.

ஆனால் செல்வி சிரிக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் பஜ்ஜி போட்டாள். தேர் வந்தது, போனது. யார் என்ன கேட்டாலும் மலைப்பாதைப் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டுக் கொப்புளத்தில் தேய்க்க ஒச்சப்பனே எங்கிருந்தோ கற்றாழை ஒடித்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான்.

"ஒனக்கெப்படித் தெரியும்? நீ டாக்டரா?" என்றாள். கற்றாழையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆண்டனிராஜ் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வந்தான். வேனைத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டிருந்தான். சல்மாவின் மகளும் பேரப்பிள்ளைகளும் அதில்தான் படுத்திருந்தார்களாம். இறங்கும்போதே அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"இருக்காளா?"

"இருக்காக. கண்ணு தெறந்துட்டாக. இன்னும் செத்த நேரம் ஆயிருந்தா கஷ்டம்னு டாக்டரு சொல்லிட்டாரு." அவன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்தான். "நீ சொன்னதுதான் சரி செல்வி. வேன் நமக்கு வேணாம். அந்த அடுப்பால எடமே போயிருக்கும். சாவியப் பொன்னழகுகிட்டக் குடுத்துட்டு, கருப்பணங்கிட்ட ட்ரெய்லருக்கே சொல்லிருவோம்."

செல்வி பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள். ராத்திரி பூராவும் அவள் இதையேதான் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். ட்ரெய்லரில் வந்திருந்தால் முக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிராக்டர் கீழே போயிருக்கும். தகரக் கூரைக்கு அடியில் நிழலாக, சௌகரியமாக, சல்மா செத்துப் போயிருப்பாள்.

"வேனையே முடிங்க" என்றாள்.

ஆண்டனிராஜ் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து நிமிர்ந்தான்.

"என்ன பாக்கறீங்க? வேனத்தான் சொல்றேன். படுக்கவும் ஓடவும் அது போதும். ஆனா அந்த ஸ்டவ்வத் தளத்தோட அறுத்து எறிஞ்சிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டாரணும். அடுப்பு தரைலதான் இருக்கும். வண்டி எங்க வேணாலும் போவட்டும்."

"அப்ப நான் சொன்னதுதான்..."

"நீங்க சொன்னது ஒண்ணும் இல்ல. அடுப்போட வாங்கணும்னீங்க. அதான் தப்பு. எந்திரிச்சு வெங்காயத்த உரிங்க."

அந்த வேன் இரண்டாயிரத்து எட்டு வரைக்கும் ஓடியது. செல்வி சாகும்வரை அதைப் புருஷன் முன்னால் ஒரு நாளும் நல்ல வண்டி என்று சொன்னதில்லை. சிறுமலையில் பிரசவம், மரத்திலிருந்து விழுந்தவன், கிணற்றில் விழுந்த பையன் என்று திருவிழா நாளில் யாருக்கு எது நடந்தாலும் அதுதான் கீழே இறங்கியது. ஒவ்வொரு தடவையும், போகிற வண்டியைப் பார்க்காமல் முக்கில் உட்கார்ந்து அவள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள், மூன்று கல்லின்மேல். ஒச்சப்பன் போட்ட அதே கல்தான். திருப்பிக் கேட்டுப் பார்த்தான், கொடுக்கவில்லை.