தோட்டச் சேட்டுக்கு ஒரு கமெரா

எங்கள் வீட்டில் எந்தப் பொருளைப் பற்றி யார் கேட்டாலும் ஐயாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "உது வாகீசன் அனுப்பினது." குளிர்ப்பெட்டி வாகீசன். விறாந்தைக் கதிரைகள் வாகீசன். தண்ணி மோட்டர், மின்விசிறி, சுவர் மணிக்கூடு, எல்லாமே கனடாவில் இருக்கிற எங்கள் மூத்த அண்ணை வாகீசன். ஒருநாள் வாழைக்குலை வாங்க வந்த வியாபாரி தோட்டத்தில் நின்று, "ஐயா, குலையெண்டா இதெல்லோ குலை" என்று தட்டிப் பார்த்துச் சொன்னார். ஐயா பழக்கத்தில், "உது வாகீசன்..." என்று தொடங்கிவிட்டார். பிறகு இருமிச் சமாளித்தார்.

பக்கத்தில் கத்தியோடு நின்ற கேதீஸ்வரி அக்கா குலையைச் சரித்துக்கொண்டே சொன்னா: "அண்ணைக்குக் கை நல்ல நீளம். கனடாவிலை நிண்டுகொண்டே தண்ணி கட்டியிருக்கிறார்."

அந்தக் கேதீஸ்வரி அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உரும்பிராயில் எங்கள் தோட்டத்தை அம்மாவும் அக்காவும் சேர்ந்து செய்துவந்தார்கள். வெங்காயமும் வாழையும், இடைக்கிடை கத்தரியும். அம்மா போன பிறகு அக்காதான். முழங்கால் விடுகிற நாள்களில் ஐயா பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற வருவார். தூரத்தில் நின்றாலும் அக்காவை அடையாளம் தெரியும். சட்டைக்கு மேலே ஐயாவின் பழைய நீளக்கைச் சேட்டு, தலையில் துவாய். சேட்டின் பொக்கற்று மட்டும் வேறு துணி, நீலம். பழையது கிழிந்ததும் அவவே பெரிதாக வெட்டித் தைத்தது. அதற்குள் மோட்டர் பிளக் கழற்றுகிற சாவி, கட்டுக்கயிறு, சில நேரம் ஒரு பச்சை மிளகாய். கலியாணம் பேசுகிற வயதை இடப்பெயர்வு எடுத்துக்கொண்டது, மிச்சத்தைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. கேட்கிறவர்களுக்கு அவவிடம் பதில் இருந்தது. "வெங்காயத்தோடை பொருத்தம் பாத்தாச்சு. எல்லாப் பொருத்தமும் இருக்காம்."

போன வருசம் அம்மா செத்தபோது அஞ்சலிப் பனர் அடிக்கப் படம் தேடினோம். போனில் அம்மா நிறைய இருந்தா. ஆனால் ஒரு படத்திலும் வாய் மூடியில்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டில் போன் என்றால் அண்ணை. யாராவது போனை முகத்துக்கு நேரே தூக்கினால் அம்மாவும் ஐயாவும் உடனே குரலை உயர்த்தி, "தம்பி, சாப்பிட்டியோ? அங்கை குளிரோ?" என்று தொடங்கிவிடுவார்கள். படம் எடுக்கிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் போய்விடும். ஒருமுறை மின்சாரம் நின்ற நேரம் அக்கா பியூஸ் கட்டையைத் தேடப் போன் வெளிச்சத்தை அடித்தா. ஐயா அந்த வெளிச்சத்தைப் பார்த்து, "பிள்ளையள் சுகமோ?" என்று கேட்டார்.

"ஐயா, உது ரோச்."

"அதுக்கென்ன, கேட்டா குறைஞ்சே போகும்?"

கடைசியில் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுத்த, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் முகப்பிலும் அதுவே. அக்கா அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கனநேரம் பார்த்தா.

"அம்மாவை ஆரோ விசாரிக்கிற மாதிரியெல்லோ இருக்குது" என்றா.

பிறகு, கதிரையில் கால் நீட்டிப் படுத்திருந்த ஐயாவைப் பார்த்தா. "இவரையெண்டாலும் இருக்கேக்கையே, இவர் இருக்கிறமாதிரி ஒரு படம் எடுக்கோணும். போனாலை ஏலாது. கதைக்காத சாமான் ஒண்டு வேணும்."

அண்ணையிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "என்னத்துக்கடி உனக்குக் கமெரா? என்ரை பழைய போன் ஒண்டு கிடக்கு, அனுப்பிவிடுறன்."

"போன் வேண்டாம், அண்ணை."

"அப்ப பெரிய கமெராவா பாத்து அனுப்பட்டோ? முன்னாலை நீளமா இருக்குமே, ஸ்ரூடியோக்காரர் வைச்சிருக்கிறது."

"அதைத் தூக்கினா ஊர் முழுக்கச் சாமத்தியவீடு எண்டு நினைக்கும். பெண்டுகள் சீலை மாத்த ஓடுவினம். ஐயா சவரம் எடுக்கப் போயிடுவார்."

"உனக்கு இதுகள் தெரியாது, கேதீஸ். நான் வடிவா விசாரிச்சு அனுப்புறன்."

"எனக்கு என்ன தேவையெண்டு எனக்குத் தெரியும். நானே பாத்து எடுக்கிறன்." அக்கா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னா. ஆனாலும் அண்ணை, "சரி, உன்ரை விருப்பம்" என்று போனை வைத்துவிட்டார். அக்கா அவரிடம் வேண்டாம் என்று சொன்ன முதல் சாமான் அதுவாக இருக்கலாம்.

வெங்காயம் விற்ற கையோடு யாழ்ப்பாணம் போனோம். மோட்டச்சைக்கிளின் பின்னால் அக்கா ஒரு பையை மடியில் வைத்தபடி வந்தா. கடைக்காரர் யதுசன் தாடி வைத்த கலகலப்பான ஆள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபடி, "எத்தினை மெகாபிக்சலிலை பாக்கிறியள், அக்கா?" என்று கேட்டார்.

"அது தெரியாது, தம்பி. முதல்லை இதுக்குள்ளை போகுதோ எண்டு பாப்பம்." பைக்குள்ளிருந்து அக்கா அந்தத் தோட்டச் சேட்டை எடுத்தா. தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தா.

யதுசன் சேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புடவைக்குப் பொருத்தமா போன் உறை கேட்டு வந்திருக்கினம். சேட்டுக்குக் கமெரா தேடி வந்தது நீங்கள்தான்."

முதல் கமெரா பொக்கற்றுக்குள் பாதியில் நின்றது. அடுத்தது உள்ளே போனது, ஆனால் அதன் திரை மேல்நோக்கித் திரும்புகிற வகை. "பாருங்கோ, முன்னாலை நிண்டாலும் உங்கடை முகம் உங்களுக்கே தெரியும்" என்றார் யதுசன், பெருமையாக.

"என்ரை முகத்தை நான் கண்டிருக்கிறன், தம்பி. உதைத் திருப்பிப் பிடிச்சா எங்கடை ஐயா அதுக்குள்ளை ஆளைக் கண்டு சுகம் விசாரிக்கத் தொடங்குவார்."

மூன்றாவது நல்ல வடிவு. வெள்ளி நிறம். அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கி உச்சிவெயிலில் நின்றா. கையை நிழலுக்கு மறைத்துப் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தா. திரும்பி வந்து மேசையில் மெதுவாக வைத்தா. "வெயிலிலை இதிலை ஒண்டும் தெரியேல்லை. எங்கடை தோட்டத்திலை நிழலே இல்லை."

யதுசனுக்கு இப்போது விளையாட்டு விளங்கிவிட்டது. மற்ற வாடிக்கையாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறி, மூலையில் கீறல் விழுந்த ஒரு கறுப்புக் கமெராவை எடுத்துவந்தார். "பாவிச்சது. பழைய மொடல். ஆனால் இதிலை கண் வைச்சுப் பாக்க ஒரு துவாரம் இருக்கு. இப்ப வாறதுகளிலை உது குறைவு. சூம் பெரிசா இல்லை, அதையும் சொல்லிப்போடுறன்."

"தூரத்திலை நிக்கிறதை நான் நடந்து போய் எடுப்பன்" என்றா அக்கா. வீதியில் இறங்கி, துவாரத்தில் கண்ணை வைத்தா. எதிரே பழக்கடையில் ஒருவர் தோடம்பழம் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை. கமெராவை இறக்கியபோது அவவின் புருவத்துக்கு மேலே வட்டமாக ஒரு அடையாளம் விழுந்திருந்தது.

உள்ளே வந்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி தாருங்கோ" என்றா. குடிக்கத்தான் என்று நினைத்து யதுசன் போத்தலைக் கொடுத்தார். அக்கா உள்ளங்கையில் ஊற்றத் தொடங்கினா.

"ஐயோ அக்கா, கமெராவிலை ஊத்திப்போடாதையுங்கோ!"

"கமெராவுக்கு இல்லை, கைக்கு." ஈரக்கையைச் சேட்டில் ஒருதரம் துடைத்துவிட்டு, மிச்ச ஈரத்தோடு பொத்தானை அழுத்தினா. கிளிக் என்றது. இன்னொருதரம். கிளிக். தோட்டத்து ஈரத்தோடு போன் திரையில் அந்த விரல் எத்தனை முறை வழுக்கி ஏமாந்ததென்று எனக்குத் தெரியும். கடைசியாகச் சேட்டுப் பொக்கற்றில் இறக்கினா. முழுதாக இறங்கியது, பொத்தானும் பூட்டியது.

"இது காணும்" என்றா.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது, ஐயாவின் சிநேகிதர் ஆழ்வாப்பிள்ளை விறாந்தையில் இருந்தார். அக்காவின் கையிலிருந்ததைக் கண்டதும் ஐயா எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு நேராகத் திரும்பிச் சொன்னார்: "பிள்ளைக்கு வாகீசன் கமெரா அனுப்பியிருக்கிறான்."

அக்கா வழக்கம்போல நொட்டையாக ஒரு குத்துக்கதை சொல்லுவா என்று பார்த்தேன். சேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. குசினியில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்தநாள் காலையில் ஐயாவுக்கு முன்னால் போய்க் கமெராவைத் தூக்கினா. ஐயா பெனியனை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமி, "வாகீசன்!" என்றார். அக்கா கண்ணைத் துவாரத்தில் வைத்தா. ஐயா குழம்பிப்போனார்.

"அவன்ரை முகம் எங்கை?"

"இதிலை அண்ணை வரமாட்டார், ஐயா. இது கதைக்காது."

"கதைக்காட்டி என்னத்துக்கு?"

"பாக்கிறதுக்கு."

ஐயா யோசித்தார். பிறகு நிமிர்ந்திருந்து, கைகளை முழங்காலில் வைத்து, கண்ணை அகலத் திறந்து, மூச்சையும் பிடித்துக்கொண்டார். பல்லுக்கடியால் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு காதும் தெரியுதோ?"

அக்கா கமெராவை இறக்கினா. ஐயா அடையாள அட்டைப் படத்துக்கு இருக்கிறமாதிரி இருந்தார். அம்மாவுக்கு நடந்தது அப்படியே திரும்ப நடக்கப்போகிறது என்று எனக்குப் பட்டது.

அக்கா அவசரப்படவில்லை. அதன்பிறகு கமெரா எப்போதும் அந்த நீலப் பொக்கற்றில் இருந்தது. சாவிக்கும் கயிற்றுக்கும் வேறு இடம் பார்க்கவேண்டி வந்தது. கத்தரிப்பூவை எடுத்தா. கொடியில் காய்கிற ஐயாவின் சாரத்தை எடுத்தா. பூசணிக்கொடி ஏறிய மோட்டர்க் கொட்டிலை, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த ஆழ்வாப்பிள்ளையின் மாட்டை, மண் ஒட்டின தன் சொந்தக் காலை எடுத்தா. இரவில் எனக்குக் காட்டுவா. தினமும் கண்ட பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லி நிற்பதுபோல இருந்தது.

ஐயாவுக்கு இது பகிடியாகப் போயிற்று. "என்னடி, பூனைக்கும் அடையாள அட்டை செய்யிறியோ?" நாள் போகப்போக அந்தப் பகிடியும் நின்றது. மண்வெட்டியைப் பார்க்கிறமாதிரிதான் இப்போது கமெராவையும் பார்த்தார்.

சோளகக்காற்று வீசிய ஒரு காலை. வாய்க்கால் கரையில் அக்கா கொட்டுண்ட வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தா. ஐயா கடைசிப் பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிவிட்டு, மண்வெட்டிப் பிடியில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து நின்றார். தண்ணி வெங்காயத்தடிக்கு வர எடுக்கிற நேரம் அது. யாரும் யாரோடும் கதைக்கத் தேவையில்லாத நேரம். அக்கா ஈரக்கையைச் சேட்டில் துடைத்தா. பொக்கற்றின் பொத்தானைக் கழற்றினா.

ஐயாவுக்கு அந்தக் கிளிக் சத்தமே கேட்கவில்லை.

அந்தப் படத்தில் ஐயா பாத்திக்குள் இறங்குகிற தண்ணியைப் பார்க்கிறார். வாய் மூடியிருக்கிறது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் லேசாக ஏறி, தனக்குத் தெரிந்த ஒரு விசயம் சரியாக நடக்கிறது என்பதுபோல. காது ஒன்றுதான் தெரிகிறது. எங்கள் ஐயா வாய் மூடினால் இவ்வளவு வடிவு என்று எனக்குத் தெரியாது.

அண்ணைக்கு அனுப்பினோம். உடனே அழைத்தார். "ஆரை வைச்சு எடுத்தனியள்? ஸ்ரூடியோவோ?"

"அக்காதான்" என்றேன்.

அண்ணை படத்தைத் திரும்பவும் திறந்து பார்த்திருக்கவேண்டும். "ஐயா என்னோடை கதைக்கேக்கை ஒருநாளும் இப்பிடி இருந்ததில்லையடா" என்றார். பிறகு, "கேதீஸ் எடுத்த கமெரா என்ன கமெராவாம்?" என்று கேட்டார். அவவிடமே கேட்கும்படி போனை அக்காவிடம் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கேட்டார், அக்கா சொன்னா. அதற்கு முதல் அப்படி நடந்து நான் கண்டதில்லை.

அக்கா படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினா. இங்கேதான் ஒரு பிழை நடந்தது. எங்கள் பக்கத்தில் தனி ஆளின் படம் சட்டத்துக்குள் சுவரில் ஏறுவதென்றால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. சந்தோசத்தில் அதை எங்கள் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை வந்தார். படியேறியவர் சுவரைக் கண்டார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்தார். "என்ரை கடவுளே" என்றார் மெல்ல. "எப்ப? எனக்கொரு சொல் சொல்லேல்லையே!"

கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரச்சாரத்தோடு ஐயா உள்ளே வந்தார். "ஏன்டாப்பா நிண்டுகொண்டிருக்கிறாய்? இரன்."

ஆழ்வாப்பிள்ளை கதிரையில் விழுந்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஐயா சுவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், விசயம் விளங்கிச் சிரித்தார். அக்கா ஓடிவந்து படத்தைக் கழற்றப் போனா.

"விடு பிள்ளை, கிடக்கட்டும். பயப்பிடுறவை பயப்பிடட்டும்."

ஆழ்வாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. எழுந்து கிட்டப்போய்ப் பார்த்தார். "எண்டாலும் நடராசா, திறமான படமடாப்பா. நீ நிக்கிறமாதிரியே நிக்கிறாய். உது வாகீசன் அனுப்பின கமெராவிலை எடுத்ததெல்லோ?"

ஐயா இருமினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவ குசினி வாசலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இல்லை" என்றார் ஐயா. "பிழையாச் சொல்லிப்போட்டன். கமெரா அவள் தன்ரை காசிலை, தானே பாத்துப் பாத்து எடுத்தது. படமும் அவள்தான். உதிலை நிக்கிற வெங்காயம், வாழை, எல்லாம் அவளின்ரை." கொஞ்சம் யோசித்து, கொடியில் காய்ந்த சேட்டைக் காட்டினார். "உந்தத் தோட்டச் சேட்டு மட்டும் வாகீசன் அனுப்பினது."

குசினிக்குள் போய்விட்ட அக்காவின் குரல் கேட்டது.

"பொக்கற்று நான் தைச்சது!"