வரம்பில் இறங்காத ஆணிகள்

போர் முடிந்த ஆண்டு அது. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்குச் சென்ற பேருந்தைத் தன்னாமுனையருகே சோதனைக்காக நிறுத்தினார்கள். நானும் மகனும் இறங்கி வரிசையில் நின்றோம். கைகளை உயர்த்துமாறு சிப்பாய் ஆணையிட்டார். மகன் வலக்கையை மட்டுமே உயர்த்தினான்.

“ரெண்டு கையும்!”

“ஐயா, மற்றக் கையைத் தூக்கினா தோள் கழண்டிரும்” என்றான்.

அவ்வளவு தமிழ் அவருக்குப் புரியவில்லை. துப்பாக்கி மகனின் நெஞ்சுக்கு நேரே வந்தது.

“தூக்கு மனே” என்றேன். தூக்கினான், அலறி விழுந்தான். சட்டைக்குள் எலும்பு புடைத்து நின்றதைக் கண்ட பின்னரே துப்பாக்கி தாழ்ந்தது.

அந்தத் தோள் முதலில் கழன்றது ஆழிப்பேரலையில். ஒரு கையால் தென்னையையும் மறு கையால் தன் தாயையும் பற்றியிருந்தான். தென்னை தாங்கியது, தோள் தாங்கவில்லை. என் மனைவியை வாவிக்கரையில் கண்டெடுத்தோம்.

அதன்பின் தோள் அடிக்கடி கழன்றதால், கொழும்பில் நுண்துளைச் சத்திரசிகிச்சை செய்வித்தோம். தோள்குழியின் விளிம்பிலிருந்து கிழிந்த தசைநாரைச் சிற்றாணிகளால் மீண்டும் அவ்விளிம்பிலேயே பொருத்துவது அது. சில மாதங்களில் தோள் மறுபடியும் கழன்றது. நிபுணர் புதிய எக்ஸ்ரே படமொன்றும் எடுக்காமல், “மகன் பயிற்சியை ஒழுங்காச் செய்யேல்ல” என்றார். தாயைத் தவறவிட்டதாக எண்ணியிருந்தவனுக்கு அதை நம்புவது கடினமாக இருக்கவில்லை.

சோதனைச்சாவடியிலிருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். தோளை மீண்டும் குழியில் இருத்திய இளம் வைத்தியர், அன்று எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“சேர், உங்களுக்கு வட்டைக்குள்ள வயல்காணி இருக்கா?”

“மண்டூரில இருக்கு.”

“வரம்பு உடைஞ்சா மண்ணை எங்க போடுவீங்க?”

“உடைஞ்ச இடத்திலதான்.”

“இஞ்ச ஆணியைக் குழியிர வரம்பில போடாம, வெளியில வாய்க்காலுக்க போட்டிருக்கு. பிறகு தண்ணி நிக்குமா?” மகனிடம் திரும்பினார். “உன்னில பிழையில்லடா தம்பி.”

தாயின் சடங்கிலும் அழாதவன் அன்று அழுதான்.

படத்துடன் கொழும்பு சென்றேன். “சில மில்லிமீற்றர்தானே, நடக்கிறதுதான்” என்றார் நிபுணர். வாழ்நாளெல்லாம் பௌதிகவியல் கற்பித்தவன் நான். அளவு பிழைக்கும் என்பதை அறிவேன். பிழைத்ததா என்று பாராமலே நோயாளிமீது பழி சுமத்துவதை எந்த அறிவியலும் அனுமதிக்காது. அதை அவரிடமே சொல்லிவிட்டு எழுந்தேன்.

வேறொருவர் செய்த மறு சத்திரசிகிச்சைக்குப் பின் தோள் கழலவில்லை. ஆயினும், உயரத்திலுள்ள எதையேனும் எடுக்குமுன் மகன் இன்றும் ஒருகணம் என் முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டிய முதல் நிபுணர் இன்னும் சொல்லவில்லை.