செலவாகாத கோடிகள்

வெர்னா ஸ்டோலர் முப்பத்தொரு வருடம் டொலீடோ நகரத்துப் பள்ளிப் பேருந்துகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓட்டியவள். பேருந்தின் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. கையில் வயர்லெஸ், எதிரே சுவரில் ஊர் வரைபடம், அவ்வளவுதான். பனி கொட்டும் ஜனவரிக் காலையில் எண்பத்தாறு வண்டிகளில் எது எந்த முனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லுவாள். ஓய்வு பெற்ற மறுவாரமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, இனி யாருக்கு வழி சொல்வது என்று தெரியாமல் விழித்தாள்.

அந்த வசந்தத்தில்தான் தபால் பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. பிரதிநிதிகள் சபைக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை ஊர்க்காரர்களே வாக்களித்து முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் நேரம். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். அடீல் குபியாக் ஒரு நர்ஸ். தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் வெர்னாவின் தட்டில் எப்போதும் ஒரு துண்டு கூடுதலாக வைப்பவள். இன்னொருவர் டக் ரெய்னர், கார் வியாபாரி. ஒரே வாரத்தில் பதினான்கு அட்டைகள் வந்தன. டக் இன்சுலின் விலையைக் குறைப்பார், அடீல் முதியோர் பென்ஷனில் கைவைப்பாள். எல்லா அட்டையிலும் இதே பாட்டு. அடியில் பொடி எழுத்தில் 'நேர்மையான நாளை' என்று ஓர் அமைப்பின் பெயர்.

"யாரு இவங்க? நம்ம ஊர்ல இப்படி ஒரு சங்கம் இருக்கறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள் வெர்னா.

அவள் கணவர் லியோன் கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "யாரா இருந்தா என்ன? நல்ல தடி அட்டை. ஆடுற மேஜைக்கு முட்டுக் கொடுத்துட்டேன்" என்றார்.

வெர்னாவுக்கு மனசு ஆறவில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்தாள். வேட்பாளரைச் சேராத ஓர் அமைப்பு தேர்தலில் பணம் இறக்கினால் ஓரிரு நாளைக்குள் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த நாள் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். பணம் முழுக்க மூன்று கிரிப்டோ நாணயக் கம்பெனிகளிடமிருந்து வந்திருந்தது. அட்டைகளைத் திரும்ப எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"லியோன், பதினாலு அட்டையிலயும் கிரிப்டோங்கற வார்த்தையே இல்ல. இவங்களுக்கு இன்சுலின் மேல என்ன இவ்வளவு அக்கறை?"

"கம்பெனிக்குச் சக்கரை வியாதி வந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் நூலகத்து மாடியில் நடந்த ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. வங்கிகளைக் கண்காணிப்பது போல இந்த நாணயக் கம்பெனிகளையும் கண்காணிக்க வேண்டும் என்று அடீல் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப்பேர் கோட்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்கள். அந்த வாக்கியம் எங்கோ போய் எவர் காதிலோ விழுந்து, அதற்குப் பதிலடியாக இருபத்து மூன்று லட்சம் டாலர் இந்த ஊருக்குள் இறங்கியிருந்தது. வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள்.

நிலவறைச் சுவரில் வெள்ளைக் காகிதச் சுருளை நீளமாக ஒட்டி, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் எங்கே போனது என்று குறிக்க ஆரம்பித்தாள். டிவி நிலையங்கள் அரசியல் விளம்பர ஒப்பந்தங்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டாள். இரண்டே வாரத்தில் அவளுக்குத் தடம் பிடிபட்டுவிட்டது.

"பஸ் மாதிரியேதான். திங்கக்கிழமை டிவில நேரம் பிடிக்கறாங்க. புதன்கிழமை ஆணையத்துல கணக்கு வருது. வெள்ளிக்கிழமை நம்ம பெட்டிக்கு அட்டை வந்து சேருது. இந்த வெள்ளி மூணு அட்டை வரும் பாரு."

"நீ என்ன ஜோசியம் பாக்கறியா?" என்றார் லியோன்.

வெள்ளிக்கிழமை மூன்று அட்டைகள் வந்தன. லியோன் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அன்றிலிருந்து கிண்டலைக் குறைத்துக்கொண்டார்.

அடீல் தோற்றாள். வெற்றி விழாவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டக் ரெய்னரிடம் போய், "இந்த 'நேர்மையான நாளை'க்காரங்க உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று வெர்னா நேராகவே கேட்டாள்.

"சத்தியமா தெரியாதுங்க. நான் கேக்கவும் இல்ல. என்னைப் பத்தின விளம்பரத்தையே நான் டிவிலதான் முதல்ல பாத்தேன்" என்றார் அவர். பொய் சொல்லும் முகமாக இல்லை. ஜெயித்த மனிதர்போலவும் இல்லை.

கோடை முழுவதும் காகிதச் சுருள் நீண்டது. ஒன்பது மாநிலங்களில் அதே அமைப்பு. ஓரிடத்தில் ஒரு கட்சிக்காரரைத் தூக்கிவிட்டது, இன்னோரிடத்தில் எதிர்க்கட்சிக்காரரை. ஒவ்வொரு தொகுதியிலும் அந்த ஊருக்கு எது வலிக்குமோ அதைப் பற்றித்தான் விளம்பரம். ஓரிடத்தில் எல்லைக் காவல், ஓரிடத்தில் வாடகை, ஓரிடத்தில் குடிதண்ணீர். கிரிப்டோ எங்கேயும் இல்லை. இந்த நாட்டின் இண்டு இடுக்கெல்லாம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று சுவரின் முன்னால் நின்று வியந்துபோவாள்.

செப்டம்பரில் கணக்கு உதைத்தது. பக்கத்துத் தொகுதி உறுப்பினர் வாரன் எபர்லி ஆறு வருடமாகக் கிரிப்டோ கம்பெனிகளைத் திட்டித் தீர்த்தவர். அவர்கள் ஆசைப்பட்ட மசோதா சபைக்கு வந்ததும் ஆதரவாக வாக்களித்துவிட்டார். வெர்னா மூன்று நாள் தேடினாள். அவர் தொகுதியில் டிவி விளம்பரம் இல்லை, அட்டை இல்லை, ஒரு டாலர்கூட இறங்கவில்லை.

"வண்டி தொலைஞ்சா நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றாள் லியோனிடம். "இங்க வண்டியே கிளம்பல. ஆனா ஆளு போய் இறங்கிட்டாரு."

எபர்லி மாதத்துக்கு ஒருமுறை ஒரு நூலகத்தில் மக்களைச் சந்திப்பார். வெர்னா போய்க் கடைசி ஆளாகக் காத்திருந்தாள். அறை காலியானதும், 'நேர்மையான நாளை' ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கு அறிக்கையை அவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, உங்க ஊர்ல அவங்க ஒண்ணுமே செலவழிக்கல. ஆனா நீங்க மாறிட்டீங்க. எனக்குப் புரியல."

எபர்லி காகிதக் கோப்பையிலிருந்த காபியைக் கீழே வைத்தார். "நீங்க பத்திரிகையாம்மா?"

"இல்லீங்க. ஸ்கூல் பஸ் ஆபீஸ்ல இருந்தேன்."

அவர் அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். விரலை ஒரு வரியில் வைத்தார். கையிருப்பு: பதினோரு கோடியே அறுபது லட்சம் டாலர்.

"நீங்க செலவைப் படிக்கறீங்க. நாங்க எல்லாரும் இந்த வரியைத்தாம்மா படிக்கறோம். மூணு தேர்தலுக்கும் சேத்து நான் செலவழிச்சது நாப்பது லட்சம்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"ஒருத்தர்கூட போன் பண்ணல. பண்ணியிருந்தா சண்டை போட்டிருப்பேன். பக்கத்துத் தொகுதி நர்ஸம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேன். அது போதும்."

"வெக்கமா இல்லையா?"

"இருக்கு" என்றார் எபர்லி. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீங்க தாராளமா எழுதலாம். நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்."

வாகன நிறுத்தத்தில் காரைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்தது மலைப்பு. ஆறு மாதமாக அவள் துரத்திக்கொண்டிருந்தது பெரிய பணம் என்று நினைத்திருந்தாள். அது சின்னப் பணம். பெரிய பணம் இடத்தை விட்டு அசையவே இல்லை. வெறுமனே இருந்தது, இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதிலேயே ஆறு வருடப் பேச்சு ஒன்று வாய் மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது லியோன் சூப் கிண்டுவதை நிறுத்திவிட்டார். "அப்ப இத எப்படி வெர்னா சுவத்துல எழுதுவே? எழுத ஒண்ணுமே இல்லையே."

"பூஜ்யத்தை எழுதுவேன்" என்றாள்.

எபர்லி சொன்னதை உள்ளூர் வார இதழுக்கு எழுதி அனுப்பினாள். அவர் சொன்னபடியே மறுக்கவில்லை. மசோதா நிறைவேறியது. அந்தக் கட்டுரையால் எதுவும் நின்றுவிடவில்லை. ஆனால் வேறு மாநிலங்களில் அவளைப்போலவே தேடிக்கொண்டிருந்த சிலர் அவள் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். முதலில் கூப்பிட்டது அரிசோனாவிலிருந்து கொன்சுவேலோ ஆர்சே, முன்னாள் தபால்காரி. அவள் ஊர் உறுப்பினரும் திடீரென்று மனம் மாறியிருந்தார்.

"நாலு வாரமா தேடறேங்க" என்றாள் கொன்சுவேலோ. "ஒரு சல்லிகூட எங்கயும் கெடைக்கல. எனக்குத் தேடத் தெரியலையோன்னு நெனச்சேன்."

வெர்னா பேனாவின் மூடியைத் திறந்து நிலவறைப் படியில் இறங்கினாள். "உங்களுக்கு நல்லாவே தேடத் தெரியுது. அவர் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."