கால் முன்னே வந்தவன்

இங்கே டொராண்டோவில் என் முதுகுவலிக்கு வாரம் ஒருமுறை வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், ஒவ்வொரு முறையும் கை வைக்கும் முன், "உங்கள் முதுகைத் தொடலாமா?" என்று கேட்கிறாள். முதல் நாள், "எங்கள் ஊரில் ஏறி நின்றே மிதிப்பார்கள், நானே மிதித்திருக்கிறேன்" என்றேன். வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். எண்பது தாண்டியவனுக்கு அந்தச் சிரிப்பைத் திருத்தத் தெம்பில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். நான் அப்படி வந்தவன். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் இன்ஜினியராக இருந்தேன். எந்த எஃகு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்பவன், விடிந்ததும் வாசலில் குப்புறப் படுத்த லோடுமேன்களின் முதுகில் கூச்சமில்லாமல் கால் வைத்தேன். நம்பினேனா என்றால், பாதி. அவர்கள் தந்த மரியாதை முழுதாகப் பிடித்திருந்தது.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். சில மாதங்களாகவே இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் அவளே பாயை விரித்துப் படுத்தாள்.

"ஊரு முதுகெல்லாம் மிதிக்கிற, பெத்தவ முதுகு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? மிதி நைனா."

மிதித்தேன். குதிகாலின் கீழ் ஏதோ நெகிழ்ந்து இறங்கியது. அம்மா கத்தவில்லை. அதன்பின் எழுந்து நிற்கவும் இல்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து மறுபடியும் உதிரம் பட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் சொன்னாள். வீட்டில் அவளோடு இருந்தது நான் மட்டும்தான். மகனிடம் எப்படிச் சொல்வாள்? கர்ப்பப்பையின் உட்சுவரில் தொடங்கிய புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது என்றார் டாக்டர். "எலும்பு அரிச்சுப் போயிருக்கு. சின்ன அடி பட்டாலே நொறுங்கிடும். எங்கயாவது விழுந்தாங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேன் டாக்டரு. இவன் வேலைக்குப் போயிருந்தான்."

நான் மறுக்கவில்லை.

இனி கர்ப்பப்பையை எடுத்துப் பயனில்லை என்றார்கள். கோபால்ட் கதிர் வைத்தார்கள், ஹார்மோன் ஊசி போட்டார்கள். வலி குறைந்தது. கால்களுக்கு உயிர் திரும்பவில்லை. வலியில்லாத ஒரு மாலையில், "இப்ப யாருக்கும் மிதிக்கிறதில்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பாவம், இடுப்பப் பிடிச்சிக்கினு அலைவானுங்க" என்றாள். பொங்கலுக்கு முன் போய்விட்டாள். நான் மிதிக்காவிட்டாலும் புற்று அவளைக் கொண்டுபோயிருக்கும். ஆனால் கடைசி மாதங்களில் கொஞ்சமாவது நடந்திருப்பாள். மறுவருடமே கனடாவுக்கு வந்தேன். வேலைக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன்.

போன முறை ஊருக்குப் போனபோது, அம்மா வீட்டில் இப்போது குடியிருக்கும் சித்தி மகன் வாசலிலேயே பாய் விரித்தான். அவனும் எழுபதை நெருங்கியவன்.

"வா அண்ணாத்தே, மொதல்ல நம்ம இடுப்ப ஒரு மிதி மிதிச்சிட்டு உள்ள வா."

"மொதல்ல எக்ஸ்ரே எடுத்துப் பாருடா" என்றேன்.

"இன்னா, எங்க முதுகுல பட்டா கனடாக்காரரு காலு அழுக்காயிடுமா?"

உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் படுத்திருந்த பாய் வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. தாண்டவும் மனமில்லை, திரும்பவும் மனமில்லை. ஷூவைக் கழற்றாமல் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.