முதல் ஓட்டுக்காகக் காத்திருந்த ஊர்

அடுத்த பொதுத்தேர்தல் நெருங்குகிறது. எங்கள் பள்ளியில் இரண்டு இளம் ஆசிரியைகளுக்குத் தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது. போன தடவை எப்படி இருந்தது என்று இருவரும் தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே விடுகிறேன், போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

சுதந்திரம் வந்த பிறகு நாடு முழுவதும் நடந்த முதல் தேர்தல் அது. 1952, தை மாதக் குளிர். சேலம் டவுனில் அதுவரை நான் தனியாகப் போன தூரம் வீட்டிலிருந்து மாதா கோயில் வரைதான். பெண்கள் ஓட்டுப் போட வரும்போது பெயர் பார்த்து விரலில் மை வைக்க ஒரு பெண் வேண்டுமாம், டீச்சரான என்னைச் சங்ககிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அம்மா ஜெபமாலையைப் பைக்குள் திணித்து, யுத்தத்துக்கு அனுப்புவதுபோல அழுதாள்.

சேலத்திலிருந்து சங்ககிரிக்குச் சுமார் இருபத்து நான்கு மைல், பஸ்ஸில் பன்னிரண்டணா. மகுடஞ்சாவடி தாண்டியதும் மலைக்கோட்டை தெரியும், ஜன்னலோரம் உட்காருங்கள். அங்கிருந்து ஐந்து மைல் மாட்டு வண்டி. ஓட்டுப் பெட்டிகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எங்களுக்குத் தலைமை அதிகாரி ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பாவம், வழியெல்லாம் விதிமுறைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வண்டிக்காரர் மாரப்பன் அந்த ஊர்க்காரர்.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்தப் பெட்டியில சீட்டுப் போட்டா டில்லியில கவர்மெண்டு வந்துருமுங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் போட்டால் வரும் என்றேன்.

"எல்லாருமுன்னா செரமமுங்க. எங்கூர்ல எல்லாரும் சேந்து ஒண்ணும் செஞ்சதில்லீங்க."

சிரித்துவிட்டேன். மறுநாள்தான் புரிந்தது.

சாயங்காலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கினோம். ஊரில் இரண்டு பெரிய குடும்பங்கள்: மேலத் தோட்டம், கீழத் தோட்டம். இரண்டு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. ஒன்றைத் தொட்டால் மற்றவர் பகை! இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, அவலும் வெல்லமும் தின்று படுத்தோம்.

அதற்கு முன்னால் வாசல் பெருக்க ஒரு பெண் வந்தாள். பெயர் குப்பாயி. ஓடைக்கு அந்தப் பக்கத்து வளவில் குடியிருப்பு. அந்த வளவுக்காரர்களுக்கு மாரியம்மன் கோயில் வாசலைத் தாண்ட அனுமதி கிடையாது. பெருக்கி முடித்துவிட்டுத் தூரமாகவே நின்று, "எனக்கும் ஒரு சீட்டு இருக்குதுங்களா சாமி?" என்றாள். பட்டியலில் பார்த்து, உன் பெயர் இருக்கிறது என்றேன். திரும்பத் திரும்ப மூன்று தரம் என்னைச் சொல்ல வைத்தாள்.

விடிந்தது. வேட்பாளருக்கு ஒன்றாகப் பெட்டிகளை வரிசையாக வைத்து, சாக்குத் திரை கட்டி, மைப்புட்டியைத் திறந்து உட்கார்ந்தோம். ஈ காக்கை உள்ளே வரவில்லை. ஊர் முழுக்க வெளியே புளியமரத்தடியில் நிற்கிறது! மாரப்பன்தான் வந்து சொன்னார்: கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தோட்டத்துக்கும் பல வருஷத் தகராறு. இப்போது முதல் ஓட்டு யாருக்கு என்று கிளம்பியிருக்கிறது. ஒருவர் முந்தினால் மற்றவர் தன் ஆட்களைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார். அவர்கள் போகாமல் வேறு யாரும் போக முடியாது.

குமாஸ்தா வெளியே போய்க் கெஞ்சினார். இரண்டு தோட்டத்துக்காரர்களும் துண்டைத் தோளில் போட்டபடி சிலைமாதிரி நின்றார்கள். உச்சிவெயில் வந்துவிட்டது. வெறும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குப்பாயி கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றிருந்தாள். கீழத் தோட்டத்துப் பருத்திக் காட்டில் அவளுக்கு வேலை. மத்தியானம் வரைதான் விட்டிருந்தார்கள். போய்விட்டால் ஓட்டும் போச்சு. நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது கிட்டே வந்தாள்.

"அவுங்க மொதல்ல போனாத்தான் நானு போவோணும்னு சட்டத்துல இருக்குதுங்களா?"

"இல்லையே."

"கோயில்ல எனக்குப் பங்கில்லீங்க. இதுல இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.  நானும் பின்னாலேயே ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது கையை நீட்டினாள். பருத்திக் காய் கீறிய விரல். மை வைத்தேன். சீட்டோடு திரைக்குப் பின்னால் போய், போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசல் வழியே எட்டிப் பார்த்தேன். அடிதடிதான் என்று நினைத்தேன். மேலத் தோட்டத்துக்காரர் கீழத் தோட்டத்துக்காரரைப் பார்த்தார். கீழத் தோட்டத்துக்காரர் தொண்டையைச் செருமினார். 'சரி, நீயும் முதல் இல்லை, நானும் முதல் இல்லை' என்று அந்த இரண்டு முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி! ஆண்கள் வரிசையில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நுழைந்தார்கள். சாயங்காலம் வரை எனக்கு நிமிர நேரமில்லை. அந்தப் பிடிவாதக்கார ஊர் அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அவல், வெல்லம், கயிறு, லாந்தர் கொண்டுபோங்கள். யார் வீட்டுச் சாப்பாட்டையும் வாங்காதீர்கள். மை புடவையில் பட்டால் போகாது, பழைய புடவை கட்டுங்கள். டில்லியில் அரசாங்கம் அமைப்பது பெரிய மனிதர்கள் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். பாதி வேலை புளியமரத்தடியில் கிடக்கிறது. உள்ளே யாரும் வராவிட்டால், கூட்டத்தை விட்டு யார் தள்ளி நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

போன மாதம் சங்ககிரி பஸ் நிலையத்தில் மாரப்பனைப் பார்த்தேன். குப்பாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். முந்திப் போய் ஓட்டுப் போட்டாள் என்று அந்த வருஷம் இரண்டு தோட்டத்திலும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லையாம்.  சங்ககிரியில் கல்லுடைத்துச் சமாளித்திருக்கிறாள். அடுத்த வெள்ளாமையில் பருத்தி எடுக்க ஆள் கிடைக்காமல் அவர்களே கூப்பிட்டு விட்டார்களாம்.

இந்தத் தேர்தலில் தகராறு இருக்காதே என்றேன்.

"இருக்குதுங்க," என்றார் மாரப்பன். "மொதல்ல குப்பாயிதான், அதை ஊரே ஒத்துக்கிட்டுதுங்க. அவளுக்கு அடுத்தாப்பல எந்தத் தோட்டத்துக்காரர் போறதுன்னுதான் இப்பச் சண்டையுங்க."